சொன்ன துயரமும் சொல்லாத துயரமும்

பிழைப்பை நாடியும் உத்தியோகத்தை நாடியும் தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் குடியேறியிருக்கும் நாம், நமக்கு அண்டை வீட்டாராக வாய்த்தவர்கள் யார் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். டில்லியில் கரோல்பாக் பகுதியில் வீடு பிடித்த தமிழர் பலருக்கு அடுத்த வீட்டுக்காரர் பஞ்சாபியாக இருந்தார். பம்பாயில் செம்பூருக்குக் குடிபோன தமிழர்கள் சிந்திகளின் முகாமுக்கு அருகே வாழ்ந்தார்கள். கல்கத்தாவின் தென்பகுதியில் குடியிருந்த தமிழர்களுக்குச் சற்றுத் தொலைவில், ஜாதவ்பூரைச் சுற்றி, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களின் குடியிருப்புகள் பரவின. நாம் ஊரை விட்டு வந்தவர்கள். அவர்கள் ஊரை இழந்து வந்தவர்கள். பொங்கலுக்கோ குலதெய்வ வழிபாட்டுக்கோ திரும்பிப் போவதற்கு நமக்கு ஓர் ஊர் உண்டு. அவர்களுக்கு 1947க்குப் பிறகு அது இல்லாமற் போயிற்று.

இந்த வேற்றுமையை உணராமலே பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்துவிட முடியும். ஏனெனில், அவர்களில் ஒரு சாரார் தம் கதையைப் பெருமிதத்தோடு சொல்வார்கள். ஒரு சாரார் ஏக்கத்தோடு சொல்வார்கள். மற்றொரு சாரார் வாயே திறப்பதில்லை. இதைக் காணும் நாம், "அது அவரவர் மனத்திண்மையைப் பொறுத்தது" என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஆனால் பிரிவினையின் சரித்திரத்தை ஊன்றிப் படித்தால் உண்மை வேறாக இருப்பதைக் காணலாம். ஒரு மனிதன் தன் துயரத்தை எப்படித் தாங்குகிறான் என்பதை, அவன் யார் என்பதும், எந்தச் சமூகத்தின் நடுவே நிற்கிறான் என்பதும், அந்தச் சமூகம் எதைக் கேட்கச் சித்தமாக இருக்கிறது என்பதுமே பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன.

முதலில் நடந்தவற்றைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 1947 ஆகஸ்டில் நாடு இரண்டாகப் பிரிந்தபோது பஞ்சாபும் வங்காளமும் நடுவே பிளக்கப்பட்டன. சிந்து முழுவதும் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1951ஆம் ஆண்டு மக்கட்கணிப்பின்படி, இந்தியாவிற்கு அகதிகளாக வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 73 லட்சம் பேர். இவர்களில் மேற்கிலிருந்து வந்தவர்கள் சுமார் 47 லட்சம். கிழக்கிலிருந்து வந்தவர்கள் சுமார் 25 லட்சம். இங்கிருந்து அங்கே போன முஸ்லிம்களும் பல லட்சம் பேர். 1941இல் 9 லட்சத்துச் சொச்சமாக இருந்த டில்லியின் ஜனத்தொகை, 1951இல் 17 லட்சத்தைத் தாண்டிற்று. கொலையுண்டவர்களின் தொகையைச் சிலர் இரண்டு லட்சம் என்றும், சிலர் பத்து லட்சத்திற்கும் மேல் என்றும் மதிப்பிடுகிறார்கள். இந்துக்கள், சீக்கியர்கள், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமூகத்தாரும் கொன்றார்கள். மூன்று சமூகத்தாரும் மாண்டார்கள்.

இத்தகைய பேரிடரைக் கண்ணாரக் கண்டவர்களின் உள்ளத்தில் ஏற்படும் காயத்திற்கு இன்று மருத்துவ நூல்களில் தனிப் பெயர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் அதைத் தனி நோயாகச் சேர்த்தது 1980இல்தான். 1947இல் அந்தப் பெயரும் இல்லை. அதற்கான மருத்துவரும் இல்லை. முகாம்களில் அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி போட்டார்கள். உறக்கம் கெட்டு இரவில் அலறியவர்களுக்கு ஒன்றும் செய்வாரில்லை. மனநோய் மருத்துவமனைகளைப் பற்றி இரு நாட்டுச் சர்க்கார்களும் எண்ணிப் பார்த்தபோது, அவற்றில் இருந்த நோயாளிகளையும் மதவாரியாகப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணமே முன்னின்றது. அவ்வாறே 1950இல் லாகூர், அமிர்தசரஸ் மருத்துவமனைகளுக்கிடையே நோயாளிகள் கைமாற்றப்பட்டார்கள். சதத் ஹசன் மண்டோ எழுதிய 'டோபா டேக் சிங்' என்னும் உருதுச் சிறுகதை இந்தக் கைமாற்றத்தையே கருவாகக் கொண்டது. தன் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமல், எல்லைக்கோடுகளுக்கு நடுவே விழுந்து கிடக்கும் பைத்தியக்காரனே அதன் நாயகன்.

மருந்தும் மருத்துவரும் இல்லாத அந்த நிலையில், மக்கள் தம் துயரத்திற்கு வேண்டிய சொல்லையும் சடங்கையும் ஆறுதலையும் தத்தம் சமூகத்தின் கருவூலத்திலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கருவூலத்தில் யாருக்கு என்ன கிடைத்தது, யாருக்குக் கதவு அடைக்கப்பட்டது என்பதே நாம் இங்கே ஆராயப் புகுந்த பொருள்.

மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்களை முதலில் எடுத்துக்கொள்வோம். அகதிகளை இந்தியில் 'சரணார்த்தி' என்றார்கள். சரண் புகுந்தவர் என்பது பொருள். பஞ்சாபிகளில் பலர் இந்தச் சொல்லை இழிவாகக் கருதினார்கள். 'நாங்கள் சரணார்த்திகள் அல்லர், புருஷார்த்திகள்' என்றார்கள். அதாவது, பிறர் தயவை நாடாது தம் முயற்சியால் வாழ்பவர்கள். ஒரு சொல்லை மாற்றியதன் மூலம், தாம் யார் என்பதைப் பற்றிய கதையையே அவர்கள் மாற்றி எழுதிக்கொண்டார்கள். நேற்று வரை கடை முதலாளியாக இருந்தவர் இன்று தெருவோரத்தில் துணி விற்றாலும், அது வீழ்ச்சியாகாமல் மீண்டும் எழுவதன் முதற்படியாயிற்று. டில்லியில் லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர் முதலிய குடியிருப்புகள் எழுந்த வரலாற்றை இன்றும் அவர்கள் இந்த முறையிலேயே சொல்கிறார்கள்.

இந்தப் பெருமிதத்திற்கு நிலையான அடிப்படைகள் இருந்தன. கிழக்குப் பஞ்சாபிலிருந்து முஸ்லிம்கள் விட்டுச் சென்ற நிலங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு தர்லோக் சிங் என்ற அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலத்தின் விளைச்சலை அளவுகோலாக வைத்து ஒரு 'தர ஏக்கர்' கணக்கை அவர் வகுத்தார். அதிக நிலம் வைத்திருந்தவருக்கு அதிக வெட்டும், குறைந்த நிலம் உடையவருக்குக் குறைந்த வெட்டுமாகப் பங்கீடு நடந்தது. கூடியவரை ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் அருகருகே குடியமர்த்தப்பட்டார்கள். இழந்தது முழுவதும் கிடைக்காவிட்டாலும் பழைய அண்டை வீட்டாரும் உறவினரும் கிடைத்தார்கள். ஒரு துயரத்தைப் பகிர்ந்துகொள்ள, அதே துயரத்தை அனுபவித்த மனிதர்கள் பக்கத்தில் இருப்பதைவிடப் பெரிய மருந்து இல்லை.

சீக்கியர்களுக்கு மற்றோர் ஆதாரமும் இருந்தது. அவர்களுடைய அன்றாடப் பிரார்த்தனையாகிய அர்தாஸில், சமயத்திற்காக உயிர் துறந்த தியாகிகளை நினைவுகூருவது மரபு. பிரிவினைக்குப் பின், நான்கானா சாகிப் முதலாக எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட குருத்துவாராக்களைத் தடையின்றித் தரிசிக்கும் பேறு வேண்டும் என்ற வேண்டுதலும் அதில் சேர்ந்தது. அதாவது, இழப்பிற்கு வழிபாட்டிலேயே ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. நாள்தோறும் சபை கூடி அதைச் சொன்னது. 2019 நவம்பரில் கர்த்தார்பூர் வழித்தடம் திறக்கப்பட்டபோது முதியோர் பலர் கண்ணீர் மல்க நின்றதன் பொருள், எழுபது ஆண்டுக் காலம் ஒரு சமூகம் கூடி நின்று விடுத்த வேண்டுதலை அறிந்தவர்களுக்கே முழுமையாக விளங்கும்.

ஆனால், பெருமிதத்திற்கு ஒரு விலையும் உண்டு. முயற்சியின் கதையில் அழுகைக்கு இடமில்லை. வீரத்தின் கதையில் மானபங்கத்திற்கு இடமில்லை. அந்தக் கதைக்குள் அடங்காதவர்கள் பெண்கள்.

1947 மார்ச்சு மாதத்தில் ராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்சா என்னும் கிராமம் தாக்கப்பட்டபோது, சீக்கியப் பெண்கள் ஏறத்தாழத் தொண்ணூறு பேர் கிணற்றில் குதித்து உயிர் நீத்தார்கள். பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' என்ற இந்தி நாவலிலும், 1988இல் தொலைக்காட்சியில் வந்த அதன் தொடரிலும் இத்தகைய காட்சி இடம்பெற்றிருக்கிறது. இறந்த அப்பெண்கள் தியாகிகளாகப் போற்றப்பட்டார்கள். அவர்களை நினைவுகூரும் கூட்டங்கள் டில்லியில் நடந்தன. அவர்களுடைய சாவுக்குச் சமூகத்தின் மொழியில் ஒரு பெயர் இருந்தது. சாகாமல் பிழைத்தவர்களுக்கு, பிறரால் கவர்ந்து செல்லப்பட்டு உயிரோடு இருந்தவர்களுக்கு, அப்படி ஒரு பெயர் இல்லை. இதைவிடக் கொடிய முரண்பாட்டைச் சரித்திரத்தில் காண்பது அரிது.

கவரப்பட்ட பெண்களை மீட்பதென்று 1947 டிசம்பரில் இரு சர்க்கார்களும் உடன்பாடு செய்துகொண்டன. 1949இல் அதற்கென ஒரு சட்டமும் இங்கே இயற்றப்பட்டது. பதினாறு வயதிற்கு உட்பட்ட ஆண் குழந்தைகளும், எந்த வயதுப் பெண்ணும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வந்தார்கள். 1947 மார்ச்சு 1ஆம் தேதிக்கு முன் முஸ்லிமாக இருந்த பெண், அதன் பின் குடும்பத்தைப் பிரிந்து வேறொருவர் வீட்டில் காணப்பட்டால், அவள் மீட்கப்பட வேண்டியவள். பாகிஸ்தானில் இந்து, சீக்கியப் பெண்களைப் பற்றிய ஏற்பாடும் இதை ஒத்ததே. அப்பெண்ணின் விருப்பத்தைக் கேட்க வேண்டாமா என்று சட்டசபையிலேயே சில அங்கத்தினர்கள் வாதாடினார்கள். அவர்கள் வாதம் எடுபடவில்லை. அவள் யாருடைய மகள், எந்த மதத்தினள் என்பதே அவளுடைய இடத்தை நிர்ணயித்தது. சுமார் எட்டு ஆண்டுகளில் இரு நாடுகளிலுமாக ஏறத்தாழ 30,000 பேர் மீட்கப்பட்டார்கள். மிருதுளா சாராபாய், கமலாபென் பட்டேல் போன்ற பெண்மணிகள் இந்தப் பணியில் இரவு பகலாக உழைத்தார்கள். சிலருக்கு அது நரகத்திலிருந்து விடுதலை. சிலருக்கோ இரண்டாம் முறை வேரோடு பிடுங்கி எறியப்படுதல். பெற்ற குழந்தையைப் பிரிய நேர்ந்த தாய்மார்களும் உண்டு.

மீண்டவர்களை ஏற்றுக்கொள்ளும்படி காந்தியடிகளும் நேருவும் குடும்பங்களை நோக்கிப் பகிரங்கமாக வேண்டிக்கொண்டார்கள். அப்படி வேண்ட நேர்ந்ததிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம். ஏற்றுக்கொள்ளப்படாத பெண்கள் ஜலந்தரில் இருந்த காந்தி வனிதா ஆசிரமம் போன்ற இல்லங்களில் தங்கினார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களின் நிலையை ராஜிந்தர் சிங் பேடியின் 'லாஜ்வந்தி' என்ற கதை உணர்த்துவதுபோல் எந்த அறிக்கையும் உணர்த்தவில்லை. லாஜ்வந்தி என்பது தொட்டாற்சுருங்கிச் செடிக்கு வழங்கும் பெயர். கதையில் வரும் கணவன், மீண்ட பெண்களை உள்ளத்தில் ஏற்க வேண்டும் என்று ஊர்வலம் நடத்துபவன். தன் மனைவியே மீண்டு வந்தபோது அவளை அவன் விலக்கவில்லை. தேவியாக வைத்துப் போற்றுகிறான். ஆனால், நடந்ததை அவள் சொல்லத் தொடங்கும்போது கேட்க மறுக்கிறான். முன்பு அடித்தாலும் தன்னை மனைவியாக நடத்தியவன், இப்பொழுது தெய்வமாக்கி எட்ட வைத்துவிட்டான் என்று அவள் உள்ளூர நைந்துபோகிறாள். வெறுப்பினால் மட்டுமல்ல, பூஜையினாலும் ஒருவர் வாயை அடைக்கலாம் என்பதை இக்கதையால் நாம் அறிகிறோம்.

பெண்கள் அத்தனை பேரும் மௌனமாக இருந்துவிட்டார்கள் என்று எண்ணுவதும் பிழை. அம்ரிதா ப்ரீதம் லாகூரை விட்டு வந்த சிறிது காலத்திற்குள், ஹீர் என்ற காதலியின் கதையைப் பாடிய பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் வாரிஸ் ஷாவை விளித்து ஒரு கவிதை எழுதினார். பஞ்சாபின் புதல்விகள் பலர் அழும்போது நீர் ஏன் எழுந்து வரவில்லை என்ற கருத்தமைந்தது அது. ஹீரின் கதை இந்து, முஸ்லிம், சீக்கியர் ஆகிய மூவருக்கும் பொதுவான செல்வம். ஆகவே அக்கவிதை எல்லையின் இருபுறத்தாரும் கூடி அழுவதற்கு ஒரு வழியைத் திறந்தது. மதத்தின் பெயரால் பிளந்த மக்களை மொழி ஒரு கணம் சேர்த்து வைத்தது எனலாம்.

அனீஸ் கித்வாய் அம்மையாரின் வாழ்க்கையும் இங்கே நினைக்கத் தக்கது. 1947 அக்டோபரில் அவருடைய கணவர் முசோரியில் கொலையுண்டார். அவர் டில்லிக்குச் சென்று காந்தியடிகளைக் கண்டு, புராணா கிலாவிலும் ஹுமாயூன் சமாதியிலும் தங்கியிருந்த முஸ்லிம் அகதிகளுக்குத் தொண்டு செய்யப் புகுந்தார். தம் அனுபவங்களை 1949இல் உருதுவில் எழுதி முடித்தார். அந்நூல் அச்சேறியது 1974இல். ஒரு விதவையின் துயரம் தொண்டாக மாற முடிந்தது. அது நூலாக வெளிவர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இனி, சிந்திகளைப் பார்ப்போம். பஞ்சாபில் நடந்த அளவு கொலைகள் சிந்துவில் நடக்கவில்லை. 1948 ஜனவரியில் கராச்சியில் நடந்த கலகத்திற்குப் பின் இந்துக்கள் பெருந்தொகையாகக் கப்பலேறிப் பம்பாய்க் கரைக்கு வந்தார்கள். யுத்த காலத்துப் பட்டாளக் கொட்டகைகள் இருந்த கல்யாண் முகாமில் ஆயிரக்கணக்கானோர் தங்க வைக்கப்பட்டார்கள். 1949 ஆகஸ்டில் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அவ்விடத்தில் நகருக்கு அடிக்கல் நாட்டினார், அதுவே உல்லாஸ்நகர். ஆனால் பஞ்சாபிக்குக் கிடைத்த ஒன்று சிந்திக்குக் கிடைக்கவில்லை. பஞ்சாபியின் நாட்டில் பாதி இந்தியாவில் இருந்தது. சிந்தியின் நாட்டில் ஓர் அங்குலமும் இங்கில்லை. வந்த இடத்தில் எல்லாரும் வேற்று மொழி பேசினார்கள். மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956இல், சிந்திக்கென்று பிரிக்க ஒரு நிலம் இல்லை. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் சிந்தி மொழி சேர்வதற்கே 1967 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ரத்தம் அதிகம் சிந்தாத துயரத்தைத் துயரம் என்று ஒப்புக்கொள்ள உலகம் தயங்குகிறது. ஆகவே சிந்திகளில் பலர் தம் இழப்பைப் பேசாமல் வியாபாரத்தில் ஆழ்ந்தார்கள். பிள்ளைகளை அந்தந்த ஊர் மொழியிலும் ஆங்கிலத்திலும் படிக்க வைத்தார்கள். கெட்டிக்காரர்கள் என்று ஊரார் புகழ்ந்தார்கள். அந்தப் புகழுக்கு அடியில் ஒரு மொழி மெல்ல மெல்ல வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. பேரனோடு பாட்டி தன் தாய்மொழியில் பேச முடியாமற்போகும் துன்பம் எத்தகையது என்பதை, வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

வங்காளத்தின் கதை மேலும் வேறானது. பஞ்சாபில் ஓராண்டுக்குள் நடந்து முடிந்த இடப்பெயர்ச்சி, வங்காளத்தில் 1947, 1950, 1964 என்று அலை அலையாக நெடுங்காலம் நீண்டது. கிழக்கிலிருந்து வருபவர்கள் விரைவில் திரும்பிவிடுவார்கள் என்றே சர்க்கார் நெடுநாள் எண்ணிற்று. 1950 ஏப்ரலில் நேருவும் லியாகத் அலிகானும் செய்துகொண்ட ஒப்பந்தமும் அந்த நம்பிக்கையிலேயே எழுந்தது. ஆகவே மேற்கிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்த அளவில் நிலமோ நஷ்ட ஈடோ இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வங்காளியில் அகதியைக் குறிக்க 'உத்வாஸ்து' என்ற சொல் வழங்குகிறது. வாஸ்து நாமும் அறிந்த சொல்லே, மனையைக் குறிப்பது. மூதாதையர் வாழ்ந்து மறைந்த மனையிலிருந்து பெயர்த்தெறியப்பட்டவர் என்பது இதன் பொருள். பஞ்சாபி தன் பெயரில் முயற்சியை வைத்தார். வங்காளி தன் பெயரில் இழந்த மனையை வைத்தார். 1950இல் கல்கத்தாவின் 'ஜுகாந்தர்' பத்திரிகை, விட்டு வந்த கிராமங்களைப் பற்றி ஒரு கட்டுரைத் தொடர் வெளியிட்டது. ஆறு, படகு, துர்க்கா பூஜை, வயல், மாமரம் என்று ஒவ்வொருவரும் தம் ஊரைச் சொல்லோவியமாகத் தீட்டினார்கள். துயரம் அங்கே ஏக்கமாக உருவெடுத்தது. ஆனால் அந்த அழகிய சித்திரங்களில், அதே கிராமத்தில் வாழ்ந்த முஸ்லிம் குடியானவனின் குறைகள் பெரும்பாலும் இடம்பெறவில்லை என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஏக்கமும் ஒருவகையில் தெரிந்தெடுத்துக்கொண்ட நினைவுதான்.

ஏக்கத்தோடு போராட்டமும் பிறந்தது. படித்த நடுத்தர வகுப்பினர் ஜாதவ்பூரைச் சுற்றியிருந்த காலி நிலங்களில் இரவோடு இரவாகக் குடிசை போட்டார்கள். அந்தக் குடியிருப்புகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் விஜயகட், ஆசாத்கட், நேதாஜி நகர் என்பன. வெற்றிக் கோட்டை, சுதந்திரக் கோட்டை என்று பெயரிட்டவர்கள், தம்மை இரவலர்களாகக் கருத மறுத்தார்கள் என்பது தெளிவு. குடும்பத்தைத் தாங்க அந்த வீட்டுப் பெண்கள் முதன்முறையாக உத்தியோகத்திற்குப் புறப்பட்டார்கள். அதில் விடுதலையும் இருந்தது, சுமையும் இருந்தது. 1960இல் வெளிவந்த ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா' படத்தில், வீட்டார் அனைவரையும் தாங்கித் தான் உருக்குலையும் பெண் இதற்கு அழியாச் சாட்சி.

ஆனால் எல்லா வங்காளி அகதிகளுக்கும் கோட்டை கட்டிக்கொள்ள முடியவில்லை. பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் நாமசூத்திரர் முதலான தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த உழவர்கள். அவர்களுக்குக் கல்கத்தாவில் உறவினரும் இல்லை, பத்திரிகையில் எழுதப் பேனாவும் இல்லை. முகாம்களில் அடைபட்டிருந்த அவர்களை, 1958இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தின் கீழ் ஒரிஸா, மத்தியப் பிரதேசக் காட்டுப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். ஆற்றுப் படுகையில் நெல் விளைத்துப் பழகியவர்களுக்கு வறண்ட மேட்டு நிலம் கிடைத்தது. 1978இல் அவர்களில் பல்லாயிரவர் வங்காளத்திற்குத் திரும்பி, சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்னும் தீவில் குடியேறினார்கள். அது காப்புக் காடு என்று கூறிய மாநில அரசு, 1979 ஜனவரியில் தீவை முற்றுகையிட்டது. மே மாதத்தில் அனைவரையும் அப்புறப்படுத்தியது. துப்பாக்கிச் சூட்டிலும் பசியிலும் நோயிலும் இறந்தவர்களின் தொகை இன்றளவும் சர்ச்சைக்குரியதாகவே இருக்கிறது. நெடுங்காலம் இதைப் பற்றி வெளியுலகம் அதிகம் பேசவில்லை. 2004இல் அமிதாவ் கோஷ் எழுதிய ஆங்கில நாவல் ஒன்றின் வழியாகவே நாட்டின் பிற பகுதியினர் பலர் அந்தத் தீவின் பெயரைக் கேள்விப்பட்டார்கள். ஒரே பிரிவினை, ஒரே மொழி, ஒரே மதம். ஆயினும் சாதி மாறியபோது நினைவின் கதியும் மாறிப்போயிற்று.

இந்த மௌனங்கள் எப்பொழுது கலையத் தொடங்கின? 1984இல் டில்லியில் சீக்கியர்கள் தாக்கப்பட்டபோது, நிவாரணப் பணியில் ஈடுபட்டவர்களுள் ஊர்வசி புட்டாலியாவும் ஒருவர். பிரிவினை மீண்டும் வந்துவிட்டது போல் இருக்கிறதே என்று முதியவர்கள் சொல்லக் கேட்டதே, அவரைப் பழைய நினைவுகளைத் தேடப் புறப்படச் செய்தது. அவருடைய நூலும், ரிது மேனன், கமலா பசின் ஆகியோரின் நூலும் 1998இல் வெளிவந்தன. ஐம்பது ஆண்டுகள் யாரும் கேட்காத கேள்விகளை அவர்கள் பாட்டிமார்களிடம் கேட்டார்கள். பலர் பேசினார்கள், சிலர் பேச மறுத்தார்கள், அந்த மறுப்பையும் அவர்கள் மதித்துப் பதிவு செய்தார்கள். 2010 முதல் வாய்மொழி நினைவுகளைத் திரட்டும் பெருமுயற்சியும் நடந்தது. 2017இல் அமிர்தசரஸ் நகர மண்டபத்தில் பிரிவினை அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. பேசும் சக்தி அந்த முதியவர்களுக்குத் திடீரென்று வந்துவிடவில்லை. கேட்பதற்கு ஆள் வந்தது, அவ்வளவே.

இதிலிருந்து நாம் தெளிய வேண்டியது யாது? சமூகமும் அடையாளமும் துயருற்றவனுக்குத் தோள் கொடுக்கின்றன என்பது உண்மை. பிரார்த்தனையில் இடம், அண்டையில் உறவினர், தலை நிமிரச் செய்யும் ஒரு பெயர் ஆகியவை கிடைத்தவர்கள் மீண்டு எழுந்தார்கள். ஆனால் அதே சமூகம், தன் மானத்திற்கு ஒவ்வாத துயரங்களை ஏற்க மறுக்கிறது என்பதும் உண்மை. அங்ஙனம் ஒதுக்கப்பட்டவர்கள் பலவீனர்கள் அல்லர், கேட்பார் அற்றவர்கள்.

இது நம்மவர்க்கும் பொருந்தும். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவிற்குள் புகுந்தபோது, அங்கிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து கால்நடையாக வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டார்கள். 1960களில், பர்மாவில் வியாபாரங்கள் தேசியமயமான பின், மற்றுமொரு முறை தமிழர்கள் அங்கிருந்து திரும்பினார்கள். மணிப்பூரின் எல்லையில் மோரே என்னும் சிற்றூரில் தமிழர்கள் குடியேறிக் கோயில் எழுப்பியது அந்த இடப்பெயர்ச்சியின் விளைவே. பர்மாவில் ஈட்டிய செல்வத்தைப் பற்றி நம் குடும்பங்களில் கதை கதையாகச் சொல்வார்கள். நடந்து வந்த வழியில் யாரை விட்டுவிட்டு வந்தோம் என்பதை எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறார்கள்? நடைப்பயணத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இரண்டு வாய்ப்புகள் ஒருசேரக் கிட்டியிருக்கின்றன. அடுத்த வீட்டு முதியவரின் மொழி நமக்கு ஓரளவு தெரியும்; ஊரை விட்டு வந்தவரின் மனமும் நமக்குத் தெரியும். அவர் பேச விரும்பினால், இடைமறித்து ஆறுதல் கூறாமலும், தியாகி என்றோ தேவி என்றோ உயரத்தில் தூக்கி வைக்காமலும், பாவம் என்று இரக்கப்படாமலும், கடைசி வரை கேட்டுக்கொண்டிருப்போமாக. அவர் பேச விரும்பாவிட்டால் அந்த மௌனத்திற்கும் மரியாதை செய்வோமாக. பிரிவினையை நேரில் கண்டவர்களில் குழந்தைப் பருவத்தினராய் இருந்தவர்களே இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். காலம் நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை.